மஞ்சள் புட்டியும் மயிலாப்பூர்ப் பூங்காவும்

மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் விடிந்தும் விடியாத பொழுதில் மப்ளர் சுற்றிய தலைகளும் கேன்வாஸ் ஷூக்களும் ஒரு வாசலுக்குள் நுழைவது பல்லாண்டு வழக்கம். சுற்றுப்பாதையில் நாலு ரவுண்டு, பெஞ்சில் கொஞ்சம் அரசியல், பிறகு வீட்டுக்குப் போய்க் காபி. 'நாகேஸ்வர ராவ் பார்க்' என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும், விடுமுறைக்கு அமெரிக்காவிலிருந்து வந்த பேரனுக்கும் தெரியும். யார் அந்த நாகேஸ்வர ராவ் என்று கேட்டால்தான் பேச்சு தடுமாறும். யாரோ பழைய மந்திரி, இல்லையென்றால் ஜட்ஜ். மயிலாப்பூரில் ஜட்ஜ் என்று சொல்லிவைத்தால் பாதிக்குப் பாதி சரியாக வரும் என்கிற தைரியம்.

அவர் ஜட்ஜும் இல்லை, மந்திரியும் இல்லை. தலைவலி என்றதும் பாட்டி அலமாரியில் துழாவி எடுப்பாளே ஒரு மஞ்சள் தைலப் புட்டி, அந்த அமிர்தாஞ்சனத்தைக் கண்டவர்.

காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலு 1867-இல் கிருஷ்ணா மாவட்டத்தில் எலகுர்ரு என்ற கிராமத்தில் பிறந்தார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். கல்கத்தாவிலும் பம்பாயிலும் வேலை பார்த்தார். 1893-இல் பம்பாயில் தைலம் காய்ச்சி விற்கத் தொடங்கினார். விலை பத்தணா. அன்றைய பத்தணா சின்னக் காசு இல்லை. புதுத் தைலத்துக்கு அதைக் கொடுக்க ஆள் வேண்டுமே. பந்துலு ஒரு வழி கண்டார். பாட்டுக் கச்சேரி நடக்கும் இடங்களில் தைலத்தை இலவசமாகக் கொடுத்தார். மணிக்கணக்கில் உட்கார்ந்து ராகம் கேட்டவனுக்கு நெற்றியில் தடவ இதைவிடப் பொருத்தமான சரக்கு ஏது? ஒருமுறை தடவியவன் மறுமுறை கடைக்குப் போனான். பந்துலு லட்சாதிபதி ஆனார்.

வந்த பணத்தை அவர் பூட்டி வைக்கவில்லை. 1908-இல் பம்பாயிலிருந்தே 'ஆந்திர பத்திரிகா' என்ற தெலுங்கு வார இதழைத் தொடங்கினார். 1914-இல் சென்னைக்கு வந்து அதை நாளிதழ் ஆக்கினார். 1924-இல் 'பாரதி' என்ற இலக்கிய மாத இதழ். அதன் பின்னாலேயே மலிவு விலைப் புத்தகங்களுக்கென்று 'ஆந்திர கிரந்தமாலா'. பத்திரிகையும் புத்தகமும் போட்டுப் பணக்காரர் ஆனவர்கள் குறைவு. தைலத்தில் சேர்த்ததை எழுத்தில் கரைத்தவர் இவர். உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறைக்கும் போனார். தெலுங்கு மக்கள் அவரைத் 'தேசோத்தாரக' என்றும் 'விசுவதாதா' என்றும் அழைத்தார்கள். இரண்டாவது பட்டத்துக்கு உலகுக்கே கொடுப்பவர் என்று பொருள். 1938 ஏப்ரலில் மறைந்தார். அவர் வாழ்ந்த பேட்டையில் ஏறத்தாழ நாலு ஏக்கர் பூங்கா அவருக்குப் பின் அவர் பெயரைத் தாங்கியது.

இதில் என்ன விசேஷம் என்று கேட்கலாம். சென்னைப் பூங்காக்களின் பெயர்களை வரிசையாகப் பார்த்தால் விசேஷம் புரியும்.

இந்த ஊரில் பொதுப் பூங்கா என்ற எண்ணத்தைப் பெரிய அளவில் கொண்டுவந்தவர் 1859-இல் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவலியன். வருமான வரித் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்ததால் மறு ஆண்டே அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். ஆனால் அவர் தொடங்கிவைத்த பூங்கா வளர்ந்தது: இன்றைய சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி 116 ஏக்கர், குளங்கள், பாண்டு வாத்திய மேடை. 1863-இல் மிருகங்களும் அங்கே வந்து சேர்ந்தன. சென்னைவாசிகள் அந்த மிருகக்காட்சிசாலைக்கு 'உயிர் காலேஜ்' என்று பெயர் வைத்தார்கள். எழும்பூர் அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்'. ட்ரெவலியன் தன் பெயரைப் பூங்காவுக்கு வைத்துக்கொள்ளவில்லை. மக்கள் பூங்கா, அதாவது 'பீப்பிள்ஸ் பார்க்' என்றே அழைக்கப்பட்டது.

எல்லோருக்கும் சொந்தம் என்றால் கேட்க ஆளில்லை என்றும் அர்த்தம் ஆகிவிட்டது. விக்டோரியா பப்ளிக் ஹால் ஒரு மூலையைக் கடித்தது. 1900-இல் மூர் மார்க்கெட், 1913-இல் ரிப்பன் கட்டடம், பிறகு விளையாட்டரங்கம். 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்தது. அந்த இடம் ரயில்வேக்குப் போனது. அதே ஆண்டு மிருகங்கள் வண்டலூருக்குக் குடிபெயர்ந்தன. இன்றைக்கு 'பார்க் டவுன்' என்ற பேட்டைப் பெயரும் ஒரு ரயில் நிறுத்தமும் மிச்சம். அந்த ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் எந்த பார்க் என்று தேடுவதில்லை.

பெயர் வைத்த பூங்காக்களின் கதை வேறு. சிந்தாதிரிப்பேட்டையில் 1869-இல் எழுந்தது நேப்பியர் பூங்கா; நேப்பியர் அப்போதைய கவர்னர். பின்னாளில் அது மே தினப் பூங்கா ஆயிற்று. இராயபுரத்தில் ஒரு வெள்ளைக்காரர் பெயரில் ராபின்சன் பூங்கா. 1949 செப்டம்பர் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்தது அங்கேதான். இப்போது அது அறிஞர் அண்ணா பூங்கா. தியாகராய நகர் 1920-களில் உருவானபோது நீதிக்கட்சி ஆட்சி. ஆகவே நகருக்குச் சர் பிட்டி தியாகராயர் பெயர், நடுவிலுள்ள பூங்காவுக்கு முதலமைச்சராக இருந்த பனகல் ராஜா பெயர். சற்றுத் தள்ளி, வெங்கடநாராயணா சாலையில் உள்ள பூங்காவுக்கு அதே கட்சியின் டாக்டர் நடேசன் பெயர். வெளியூரிலிருந்து படிக்க வந்த பிராமணரல்லாத மாணவருக்கு உணவும் தங்குமிடமும் கிடைக்காத காலத்தில் திருவல்லிக்கேணியில் அவர்களுக்கென்று விடுதி நடத்தியவர் அவர். அந்த ஒரு காரியத்துக்கே ஒரு பூங்கா தகும். ஆனாலும் அந்தப் பலகையில் ஏறியது கட்சிக்காரர் நடேசனா, விடுதி நடத்திய நடேசனா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ஆக, கவர்னர் போனால் கவர்னர் பெயர் போகும். கட்சி வந்தால் கட்சித் தலைவர் பெயர் வரும். இதற்கு நடுவே எந்த அரசு நாற்காலிக்கும் உரிமை கொண்டாடாத ஒரு தைல வியாபாரியின் பெயர் அசையாமல் இருக்கிறது. அதைவிட ஆச்சரியம், அது தப்பிய நெருக்கடி.

பந்துலுவின் வீடு ஸ்ரீபாக். 1937 நவம்பர் 16 அன்று கடலோர ஆந்திரத் தலைவர்களும் ராயலசீமைத் தலைவர்களும் அந்த வீட்டில் கூடி, தனி மாகாணம் கேட்கும்போது இரு தரப்பும் எப்படி ஒத்துப்போவது என்று உடன்படிக்கை செய்தார்கள். வரலாற்றில் அதற்கு 'ஸ்ரீபாக் ஒப்பந்தம்' என்றே பெயர். பதினைந்து ஆண்டு கழித்து, அதே லஸ்ஸிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், இராயப்பேட்டை நெடுஞ்சாலை வீடு ஒன்றில் தனி ஆந்திரம் கேட்டு 58 நாள் உண்ணாவிரதம் இருந்து 1952 டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு உயிர்விட்டார். 'மதராஸ் மனதே' என்று தெலுங்கர் ஒரு பக்கம், சென்னை எங்களுடையதே என்று தமிழர் மறுபக்கம். 1953-இல் ஆந்திரம் பிரிந்தது, சென்னை தமிழருக்கு நின்றது. அந்தச் சூட்டில் ஒரு பலகையை மாற்றுவது பெரிய காரியமில்லை. யாரும் மாற்றவில்லை. ஆந்திர இயக்கத்துக்கு வீட்டைத் திறந்துவிட்ட மனிதரின் பெயரைச் சொல்லிக்கொண்டே மயிலாப்பூர் மாமாக்கள் நடை பழகினார்கள்.

கொடுத்தவர் பெயர் நிலைக்கும் என்று இதைக்கொண்டு பொதுவிதி எழுதிவிட முடியாது. கொழும்பைப் பாருங்கள். மொரட்டுவையில் பிறந்த பெரும் செல்வர் சார்லஸ் ஹென்றி டி சொய்சா கொடுத்த நிலத்தில்தான் நகரின் மிகப் பெரிய பூங்கா அமைந்தது. வைத்த பெயர் விக்டோரியா பூங்கா. கொடுத்தவர் உள்ளூரில் இருக்க, கடல் கடந்து ஆண்ட ராணிக்குப் போனது மரியாதை. சுதந்திரத்துக்குப் பிறகு பெயர் மாறியபோதும் டி சொய்சாவுக்கு முறை வரவில்லை. பழங்கால மன்னன் துட்டகைமுனுவின் தாய் விகாரமகாதேவி பெயர் வந்தது. டி சொய்சாவுக்கு அருகிலுள்ள சுற்றுவட்டம் கிடைத்தது. அதையும் ஊர் லிப்டன் சுற்றுவட்டம் என்றே சொல்லிப் பழகிவிட்டது. 1879-இல் அவர் கட்டிக்கொடுத்த மகப்பேற்று மருத்துவமனைதான் அவர் பெயரை ஒழுங்காகச் சொல்கிறது.

சிங்கப்பூரில் நேர்மாறு. அபின், சாராயக் குத்தகையில் செல்வம் சேர்த்த சியாங் ஹொங் லிம் 1876-இல் போலீஸ் நிலையத்துக்கு எதிரே கிடந்த வெற்றிடத்தைப் பூங்காவாக்க 3,000 டாலர் கொடுத்தார். அன்றிலிருந்து அது ஹொங் லிம் பூங்கா. ஆட்சிகள் மாறின, பெயர் மாறவில்லை. 2000-ஆம் ஆண்டு முதல் பொதுமக்கள் நின்று தங்கள் கருத்தைப் பேச அரசு ஒதுக்கிய இடமும் அங்கேயே இருக்கிறது. 3,000 டாலரில் ஒருவர் அபினைத் துடைத்துப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார் என்றால் கணக்கு மலிவுதான். தைலத்துக்கும் அபினுக்கும் வித்தியாசம் உண்டு. பூங்காவில் காற்று வாங்குகிறவருக்கு அது தெரியவேண்டிய அவசியமில்லை என்று சொல்லிவிட இந்தக் கட்டுரையாளருக்கு மனமில்லை.

மயிலாப்பூருக்குத் திரும்புவோம். இடையில் சீர்கெட்டிருந்த நாகேஸ்வர ராவ் பூங்காவை ஒரு நிதி நிறுவனம் மாநகராட்சியிடமிருந்து பராமரிப்புக்கு எடுத்துக்கொண்டது. சுந்தரம் பைனான்ஸ். செலவு அவர்களுடையது, பெயர் பழைய பந்துலுவுடையதே. மரத்தடியில் பிள்ளைகள் சதுரங்கம் ஆடுகிறார்கள். மாதம் ஒரு ஞாயிறு காலையில் இளம் பாடகர்கள் ஜமக்காளத்தில் உட்கார்ந்து மைக் இல்லாமல் கச்சேரி செய்கிறார்கள். டிக்கெட் கிடையாது, நடக்க வந்தவர்கள் வியர்வையோடு நின்று கேட்கிறார்கள்.

அடுத்த முறை அந்தக் கச்சேரிக்குப் போகிறவர்கள் பக்கத்தில் நிற்கும் சிறுவனிடம் ஒன்று சொல்லுங்கள்: நூறு ஆண்டுக்கும் முன்னால் இப்படி ஒரு கச்சேரி வாசலில்தான் இந்தப் பூங்காவின் பெயருக்கு உரியவர் தைலத்தைச் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தார்.