ஸ்பேனரும் லேப்டாப்பும்

நம் கல்லூரியின் வெப்பப் பொறியியல் ஆய்வகத்தில் குறுக்கே வெட்டி வைத்த டீசல் என்ஜின் ஒன்று உண்டு. கைப்பிடியைச் சுற்றினால் பிஸ்டன் ஏறி இறங்கும், வால்வுகள் திறந்து மூடும். மெக்கானிக்கல் படித்துவிட்டு அதை ஒரு முறையாவது சுற்றிப் பார்க்காமல் வெளியேறியவர் யாரும் இருக்க மாட்டார்கள். அன்று லாரி என்ஜினைக் கண்ணால் பார்த்தே புரிந்துகொண்டோம். இன்றைய லாரியை அப்படிப் புரிந்துகொள்ள முடியவில்லையே என்ற ஆதங்கத்தைத்தான் இம்மலர் வாயிலாக உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1948-இல் ரகுநந்தன் சரண் சென்னையில் அசோக் மோட்டார்ஸைத் தொடங்கினார். ஆரம்பத்தில் அங்கே பூட்டப்பட்டவை ஆஸ்டின் கார்கள். பின்னர் இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனத்துடன் கைகோர்த்து காமெட் லாரிகள் வந்தன. 1955-இல் பெயரும் அசோக் லேலண்ட் ஆயிற்று. ஜாம்ஷெட்பூரில் ரயில் என்ஜின்கள் செய்துவந்த டெல்கோ, 1954-இல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு லாரிகளில் இறங்கியது. அந்த ஒப்பந்தம் 1969-இல் முடிந்துவிட்டது. ஆனால் நம் டிரைவர்கள் அதன் பிறகும் வெகுகாலம் "பென்ஸ் வண்டி" என்றுதான் சொன்னார்கள்.

அந்த வண்டிகளின் உயிர் பம்பில் இருந்தது. ஆறு சிலிண்டருக்கு ஆறு பிளஞ்சர். கீழே ஒரு கேம் ஷாஃப்ட். என்ஜின் ஒரு தடவை கிளம்பிவிட்டால் பிறகு ஓடுவதற்கு மின்சாரமே தேவையில்லை. எந்த சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்று பார்க்க, மெக்கானிக் நாசில் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார். எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ, அதுதான் குற்றவாளி! டீசலில் காற்று புகுந்துவிட்டால், ஸ்க்ரூவைத் தளர்த்திக் கையால் பம்ப் அடித்து, குமிழி நிற்கும் வரை வெளியேற்றினால் போதும். பள்ளிக்கூடத்தை முடிக்காத பையன்கள் கிளீனராக ஏறி, பத்து வருடத்தில் இந்த வித்தையெல்லாம் கற்று, சொந்தமாகப் பட்டறை போட்டார்கள். நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறைகள்தாம் அவர்களுடைய பொறியியல் கல்லூரி.

இனி என் மாமாவின் கதை. 2021-இல், நாமக்கல்லிலிருந்து கேரளாவுக்கு முட்டை ஏற்றிச் சென்ற அவருடைய புது லாரி வழியில் படுத்துவிட்டது. எனக்குப் போன் செய்தார்.

"மாப்ளே, என்ஜின் ஓடுது, வண்டி இழுக்க மாட்டேங்குது. ஒரு லைட் மட்டும் எரியுது."

"டிரைவர் என்ன சொல்றாரு மாமா?"

"அவரு என்னத்தச் சொல்ல? கம்ப்யூட்டர் ஆள் வந்தாத்தான் தெரியுமாம்."

லேப்டாப்புடன் ஆள் வந்து சேர ஒன்றரை நாள் ஆயிற்று. அதற்குள் முட்டையை வேறு லாரிக்கு மாற்றி, வாடகையும் கொடுத்து, உடைந்ததற்கும் கணக்குத் தீர்த்திருந்தார் மாமா. கடைசியில் பார்த்தால், புகைக்குழாயில் உள்ள நாக்ஸ் சென்சாரின் வயர் ஒன்று உராய்ந்து அறுந்திருந்தது. இன்சுலேஷன் டேப் வேலை! வண்டியில் உட்கார்ந்திருந்த டிரைவர் முப்பது வருட அனுபவசாலி. காரணத்தை வண்டி அவரிடம் சொல்லவில்லை. லேப்டாப்பிடம் மட்டும் சொன்னது.

இதைக் கேட்டுவிட்டு "பழைய வண்டிதான் சார் வண்டி" என்று சொல்வது சுலபம். ஒரு பொறியாளனாக என்னால் அப்படிச் சொல்ல முடியாது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் வகைப்படுத்தியது. அந்தக் கரும்புகையை அதிகம் சுவாசித்தவர்களும் அதே டிரைவர்களும் பட்டறைப் பையன்களும்தான். 2000-இல் நம் நாட்டுக் கனரக டீசல் என்ஜினுக்கு நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு ஒரு கிலோவாட்-மணிக்கு 8 கிராம். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.-6 விதியில் அது 0.4 கிராம். சோதனை முறை மாறியிருந்தாலும், இருபதில் ஒரு பங்கு என்பது சாதாரணமல்ல. காமன் ரெயில், யூரியாக் கரைசல், சென்சார்கள் எதுவும் இல்லாமல் பழைய பம்பை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் சாதித்திருக்க முடியாது. சென்சார் பழுதானால் இழுவையைக் குறைக்கச் சொல்வதும் விதிதான். இல்லாவிட்டால் யூரியா ஊற்றாமலே ஓட்டிவிடுவோம்! தவிரவும், காமன் ரெயிலில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல் போகும். பழைய பழக்கத்தில் பைப் நட்டைத் தளர்த்தினால் டீசல் தோலைத் துளைத்துவிடும்.

ஆகவே என் குறை சென்சார் மீது அல்ல, பூட்டின் மீது. புகையைக் குறை என்றது சட்டம். பழுதின் காரணத்தை வண்டி ஓட்டுகிறவனிடமிருந்து மறை என்று அது சொல்லவில்லை. நம் பி.எஸ்.-6 விதிக்கு முன்மாதிரியான யூரோ-6 கனரக வாகனச் சட்டம் ஐரோப்பாவில் 2009-இல் இயற்றப்பட்டது. அதன் தலைப்பிலேயே இரண்டு விஷயங்கள் இருக்கின்றன: ஒன்று புகை, மற்றொன்று பழுதுபார்க்கும் தகவல் எல்லோருக்கும் கிடைப்பது. நாம் முதல் பாதியைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கி, அதில் வாகனங்களையும் சேர்த்தது. நல்ல ஆரம்பம். ஆனால் அது சாலையோரப் பட்டறை வரை போய்ச் சேர வேண்டும்.

இன்று படிக்கும் தம்பி, தங்கைகளே! நாளை உங்களில் சிலர் இந்த வண்டிகளை வடிவமைக்கப் போகிறீர்கள். இழுவை எவ்வளவு, மைலேஜ் எவ்வளவு, புகை எவ்வளவு என்று கணக்குப் போடும்போது இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நடு ராத்திரி நடுவழியில் இது நின்றால், யார், எதை வைத்துத் திறப்பார்?

அன்று லேப்டாப் ஆள் கிளம்பிப் போனதும் மாமா என்னிடம் ஒன்று கேட்டார். "ஏன் மாப்ளே, ஸ்பேனர் கடையில விக்குது. அந்த லேப்டாப்புல இருக்கறத ஏன் விக்க மாட்டேங்கறாங்க?"

நான்கு வருடம் பொறியியல் படித்த எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்களாவது சொல்லும்படி செய்யுங்கள்.