குவாத்தமாலா: இரவல் நீதியின் பன்னிரண்டு ஆண்டுகள்

ஐக்கிய நாட்டு அவை என்றதும் நீலத் தொப்பி அணிந்த அமைதிப்படையையே மாணவர்க்குக் காட்டி வந்தவன் நான். அவ்வவை வழக்கறிஞர்களையும் புலனாய்வாளர்களையும் ஒரு நாட்டுக்கு அனுப்பிய வரலாற்றைப் பிற்பாடே படித்தறிந்தேன்.

குவாத்தமாலாவின் 36 ஆண்டு உள்நாட்டுப் போர் 1996இல் முடிந்தது. மாண்டோரும் காணாமற்போனோரும் இரண்டு இலட்சத்துக்கும் மேல். போர் ஓய்ந்தபின்னும் அதில் வளர்ந்த உளவுக் கும்பல்கள் கலையவில்லை. சுங்கத்துறையிலும் காவல்துறையிலும் வேரோடிக் கடத்தற்காரருடன் கைகோத்தன. 2007 பிப்ரவரியில் எல் சால்வடோர் அரசியலாளர் மூவர் அங்குக் கொல்லப்பட்டனர். கைதான நால்வரும் காவல்துறையினர்! சில நாள்களில் அந்நால்வரும் சிறைக்குள்ளேயே கொல்லப்பட்டனர். முந்திய ஆண்டில் ஐ.நா.வுடன் கையெழுத்தான உடன்பாட்டுக்கு நாடாளுமன்றம் இசைந்தது அதன் பின்னரே. இவ்வாறு பிறந்ததுதான் 'சிசிக்' என்னும் பன்னாட்டு ஆணையம்.

சட்டமும் நீதிமன்றமும் குவாத்தமாலாவினுடையவை. ஆணையம் அரசு வழக்கறிஞரின் பக்கத்தில் நின்று துணைபுரிந்தது. அதன் வலிமையும் அதுவே, வலுவின்மையும் அதுவே என்பது என் கருத்து.

2009 மே மாதம் ரொசன்பெர்க் என்னும் வழக்கறிஞர் மிதிவண்டியில் செல்கையில் சுடப்பட்டார். 'நான் இறந்தால் அதிபர் கொலோமே காரணம்' என்று அவர் முன்னரே பதிவு செய்திருந்த காணொளி வெளியாயிற்று. ஆட்சியே ஆட்டங்கண்டது. ஆணையமோ தொலைபேசி அழைப்புகளை ஒவ்வொன்றாய்த் துருவியது. தம்மை மிரட்டுபவனைக் கொல்லவேண்டுமென முன்னாள் மனைவியின் உறவினரிடம் கேட்டவர் ரொசன்பெர்க். கொலையாளிகள் தேடிச் சென்ற அந்த 'மிரட்டுபவனும்' அவரே! ஓர் அதிபரைக் கவிழ்க்கப் போதுமான பொய்யைச் சான்றுகள் தகர்த்தன. நான் மிகவும் மதிப்பது இவ்வழக்கைத்தான்.

2015 ஏப்ரலில் சுங்கவரி மோசடி அம்பலமானது. ஒரு தொலைபேசி எண்ணை அழைத்தால் வரி குறையும், எஞ்சியதில் ஒரு பங்கு கையூட்டாகும். துணை அதிபர் பல்டெட்டி மே மாதத்திலும், அதிபர் பெரெஸ் மொலினா செப்டம்பரிலும் பதவி விலகினர். அடுத்து வந்த அதிபர் மொராலெஸ் ஊழலொழிப்பைச் சொல்லி வாக்குப் பெற்றவர். விசாரணை அவர் குடும்பத்தைத் தொட்டதும் மனம் மாறினார். ஆணையத்தின் காலத்தை நீட்டிக்க அவர் மறுக்கவே, 2019 செப்டம்பரில் அது மூடப்பட்டது.

2022 டிசம்பரில் பெரெஸ் மொலினாவுக்கும் பல்டெட்டிக்கும் 16 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. இத்தகைய வழக்குகளை நடத்திய சிறப்புப் பிரிவின் தலைவர் சண்டோவால் தீர்ப்பைக் கேட்க அங்கு இல்லை. 2021 ஜூலையிலேயே பதவி பறிக்கப்பட்டு, சில மணி நேரத்தில் நாட்டைவிட்டு வெளியேறியிருந்தார்.