எல்டெஃப் ஆய்வுக்கலமும் விண்தூசி அளவீடும்

எல்டெஃப் என்பது விண்வெளியில் பொருள்கள் அடையும் மாற்றங்களை அறிய நாசா அனுப்பிய ஆய்வுக்கலம் ஆகும். புவியின் சுற்றுப்பாதையில் உள்ள இயற்கைத் தூசியையும் மனிதரால் உண்டான தூசியையும் பிரித்தறிய இது பெரிதும் உதவியது.

பின்னணி

1958இல் ஏவப்பட்ட எக்ஸ்புளோரர் 1 செயற்கைக்கோளிலேயே, தூசி மோதும் ஓசையை உணரும் ஒலிவாங்கி இருந்தது. ஆனால் அக்கால ஒலிவாங்கிகள் சில, வெப்பநிலை மாறும்போது தாமே எழுப்பிய ஓசையையும் மோதலாக எண்ணிவிட்டன. இதனால் புவியைச் சுற்றி அடர்ந்த தூசிமண்டலம் உள்ளது என்ற தவறான கருத்து சில காலம் நிலவியது. 1965இல் ஏவப்பட்ட மூன்று பெகாசஸ் செயற்கைக்கோள்கள், தம் அகன்ற இறக்கைகளில் விழுந்த துளைகளைப் பதிவு செய்து நம்பத்தக்க அளவுகளைத் தந்தன.

1983இல் சேலஞ்சர் விண்வெளி ஓடத்தின் சன்னல் கண்ணாடியில் சிறு பள்ளம் ஒன்று காணப்பட்டது. அதை உண்டாக்கியது ஒரு வண்ணப்பூச்சுத் துணுக்கு என ஆய்வில் தெரிந்தது. அக்கண்ணாடியையே மாற்ற நேர்ந்தது. மனிதர் விட்டுவந்த தூசி மனிதருக்கே ஆபத்தாகலாம் என்பதை இது உணர்த்தியது.

பயணம்

1984 ஏப்ரலில் சேலஞ்சர் ஓடம் எல்டெஃப் கலத்தைச் சுற்றுப்பாதையில் விட்டது. சுமார் 9 மீட்டர் நீளமும் பன்னிரண்டு பக்கங்களும் கொண்ட அதில் 57 ஆய்வுகள் இடம்பெற்றன. அதன் ஒரு பக்கம் எப்போதும் முன்னோக்கியே இருந்ததால், தூசி வந்த திசையை அறிய முடிந்தது.

ஏறத்தாழ ஓராண்டில் திரும்ப வேண்டிய கலம் அது. பயணத் திட்ட மாற்றங்களாலும், 1986இல் சேலஞ்சர் ஓடம் வெடித்து எழுவர் உயிரிழந்ததாலும் அதனை மீட்பது தள்ளிப்போனது. கலம் மெல்ல மெல்லக் கீழிறங்கி, வளிமண்டலத்தில் எரிந்துபோகும் நிலையை நெருங்கியது. 1990 சனவரியில் கொலம்பியா ஓடம் அதை மீட்டது.

முடிவுகள்

கலத்தின் மீது 34,000க்கும் மேற்பட்ட மோதல் தடங்கள் எண்ணப்பட்டன. பள்ளங்களில் எஞ்சிய தனிமங்களே தூசியின் மூலத்தைக் காட்டின. மக்னீசியம், இரும்பு, சிலிக்கான் ஆகியவை சேர்ந்திருந்தால் அது பெரும்பாலும் இயற்கைத் தூசி. அலுமினியம் மட்டும் இருந்தால் ராக்கெட் எரிபொருளின் எச்சமாகவும், டைட்டானியம், துத்தநாகம் இருந்தால் வண்ணப்பூச்சாகவும் கொள்ளப்பட்டது.

செயற்கைத் தூசி கலத்தின் பின்பக்கத்தைத் தாக்குவது அரிது என்று முன்னர் கருதப்பட்டது. ஆனால் அங்கிருந்த தங்கத் தகடுகளிலும் அதன் தடயங்கள் கிடைத்தன. நீள்வட்டப் பாதைகளிலும் செயற்கைத் தூசி சுற்றுகிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

மின்தேக்கி உணரிகள் மோதிய நேரத்தையும் பதிந்தன. தூசி சீராக வராமல் திரள் திரளாக வந்ததை அவை காட்டின. மேலும், ஆண்டுக்குச் சுமார் 40,000 டன் விண்தூசி புவியை அடைகிறது என 1993இல் லவ், பிரவுன்லீ ஆகியோர் இக்கலத்தின் பள்ளங்களைக் கொண்டு மதிப்பிட்டனர்.

தாமதத்தால் வீணாகியிருக்கக்கூடிய இக்கலம், விண்ணில் கூடுதலாக இருந்த காலத்தினாலேயே கூடுதல் சான்றுகளைத் திரட்டித் தந்தது.