ஆலை பெற்றது, ஊர் வளர்த்தது

மாதனூர் வழியாக ஆம்பூருக்குப் போகும் நெடுஞ்சாலையில் காலை வேளைகளில் ஷூ கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். சுற்றுக் கிராமங்களிலிருந்து அவற்றில் ஏறிப் போகிறவர்கள் வெட்டித் தைக்கும் ஷூ மேற்பாகங்களும் முழு ஷூக்களும் இன்று பெரும்பாலும் ஐரோப்பாவுக்குக் கப்பலேறுகின்றன. 1980-களில் இந்தப் பாலாற்றங்கரைத் தோலுக்குச் சோவியத் நாடு பெரிய வாடிக்கை. 1953-இல் தொடங்கிய வர்த்தக ஒப்பந்தங்களின்படி சரக்குக்கு டாலரில் அல்ல, ரூபாயிலேயே கணக்கு முடிப்பார்கள். 1991 டிசம்பரில் அந்த நாடே இல்லாமல் போனபோது அதை நம்பியிருந்த ஆர்டர்களும் போயின. அதே அதிர்ச்சியில், யூரல் மலையடிவாரத்தில் செல்யாபின்ஸ்க் என்ற ஊரில் ஒரு டிராக்டர் ஆலையும் ஆடிப்போனது. ஆனால் அந்த ஆலை பெற்ற ஐஸ் ஹாக்கி அணி இன்றும் ரஷ்யாவின் முதல் வரிசையில் ஆடுகிறது; அதன் பெயரும் இன்றுவரை ‘டிராக்டர்’தான். அதைத் தாங்கிப் பிடித்தது பணமோ பட்டமோ அரசின் ஆணையோ அல்ல, ஊர் என்பது என் கட்சி. தொழிலால் வாழும் நம் பகுதிக்கும் அந்தக் கதையில் ஒரு செய்தி இருக்கிறது.

செல்யாபின்ஸ்க் டிராக்டர் ஆலை 1933-இல் ஓடத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படை நெருங்கியபோது லெனின்கிராடிலிருந்தும் கார்க்கிவிலிருந்தும் இயந்திரங்களையும் தொழிலாளர்களையும் ரயிலேற்றி இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். டிராக்டர் செய்த கூடத்திலிருந்து டாங்கிகள் வெளியேறின. ஊருக்கே ‘டாங்கோகிராட்’ என்ற பட்டப்பெயர் நிலைத்தது. போர் முடிந்து, 1946 டிசம்பரில் சோவியத் நாட்டின் முதல் ஐஸ் ஹாக்கி சாம்பியன் போட்டி தொடங்கியது. அதுவரை ரஷ்யர்கள் ஆடியது பந்தை வைத்து ஆடும் ‘பேண்டி’. கனடாவிலிருந்து வந்த இந்தப் புது ஆட்டத்தில் பந்து கிடையாது. உள்ளங்கையில் அடங்கும் கெட்டி ரப்பர் வட்டு ஒன்றுதான். மூன்று அங்குல அகலம், ஓர் அங்குலக் கனம், எடை 170 கிராமைத் தாண்டாது. பக்கத்துக்கு ஆறு பேர், இருபது நிமிடங்களாக மூன்று பகுதிகள். அடுத்த ஆண்டே, 1947-இல், டிராக்டர் ஆலைத் தொழிலாளர்களின் அணி ‘ஜெர்ஜீனெத்ஸ்’ என்ற பெயரில் பிறந்தது. பிறகு ‘அவன்கார்த்’ ஆகி, 1958-இல் ‘டிராக்டர்’ ஆனது.

இந்த அணி சோவியத் காலத்தில் ஒருமுறைகூட சாம்பியன் ஆகவில்லை. அதற்குக் காரணம் ஆட்டத்திறன் குறைவல்ல. நடந்த 46 சாம்பியன் போட்டிகளில் 32-ஐ வென்றது மாஸ்கோவின் ராணுவ அணியான சி.எஸ்.கே.ஏ. 1977 முதல் 1989 வரை தொடர்ந்து பதின்மூன்று முறை. இளைஞர்கள் எல்லோருக்கும் கட்டாய ராணுவ சேவை இருந்த நாட்டில், எந்த ஊரில் நல்ல ஆட்டக்காரன் தலையெடுத்தாலும் அவனைச் சீருடைக்குள் கொண்டுவர அந்த அணியால் முடிந்தது. செல்யாபின்ஸ்கில் பிறந்து டிராக்டரில் வளர்ந்த செர்கேய் மகாரவ் 1977-இல் தன் அணி மூன்றாம் இடம் பிடிக்கக் கைகொடுத்தார். அடுத்த ஆண்டே சி.எஸ்.கே.ஏ.வுக்குப் போனார். 1984, 1988 ஒலிம்பிக் தங்கங்களை வென்ற சோவியத் அணியில் அவர் முன்னணி வீரர். பிள்ளையை வளர்த்து ஆளாக்கியது ஓர் ஊர், பட்டம் சேர்ந்தது இன்னோர் ஊருக்கு. ஆனால் அந்த நாற்றங்கால் வறண்டுவிடவில்லை. 1992-இல் அங்கே பிறந்த யெவ்கேனி குஸ்னெத்சோவும் டிராக்டரில்தான் வளர்ந்தார். 2018-இல் வாஷிங்டன் அணியுடன் வட அமெரிக்காவின் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். மகாரவ் பிறந்ததற்கும் அவர் பிறந்ததற்கும் நடுவே முப்பத்துநான்கு ஆண்டு இடைவெளி. அந்த இடைவெளியில் ஒரு நாடே கலைந்துபோயிருந்தது.

நான் சொல்வது சரிதானா என்று உரசிப் பார்க்க மாஸ்கோவின் ‘கிரிலியா சோவியெத்தோவ்’ அணி நல்ல உரைகல். அதுவும் தொழிலின் பிள்ளை; விமானத் தொழில்துறையின் அணி. 1957-லும் 1974-லும் சோவியத் சாம்பியன். 1975-76 குளிர்காலத்தில் வட அமெரிக்காவுக்கே போய் அங்குள்ள தொழில்முறை அணிகளோடு மோதியது. தலைநகரம், பட்டம், புகழ் எல்லாம் இருந்தும் இன்று ரஷ்யாவின் மேல்மட்ட லீக்கில் அதன் பெயரே இல்லை. மாஸ்கோவில் ராணுவத்துக்கு ஓர் அணி, காவல்துறை சார்ந்த டைனமோ, மக்கள் அணியாகப் பேரெடுத்த ஸ்பார்ட்டாக் ஏற்கெனவே இருந்தன. நான்காவதாக ஒன்று நொடித்தபோது ‘எங்கள் ஊர் அணி போகிறதே’ என்று துடிக்க ஓர் ஊர் இல்லை. விமானத்துறை கைவிட்டதும் அது அநாதையானது. செல்யாபின்ஸ்கிலும் சோதனை வந்தது. 1990-களின் இறுதியில் டிராக்டர் ஆலை கடனில் மூழ்கியது, அணியும் கீழ் லீக்குக்கு இறங்கியது. அப்போது அதே ஊரின் உருக்காலை அணியான ‘மெச்செல்’ மேல்மட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது. கையில் பணம் இருந்தது உருக்காலையிடம்தான். ஆனாலும் ஊரின் மனம் பழைய பெயரைவிட்டு நகரவில்லை. 2006-இல் டிராக்டர் மீண்டும் மேலே வந்தது. மெச்செலோ பின்னாளில் ‘செல்மெட்’ என்று பெயர் மாறி, டிராக்டருக்கு ஆட்டக்காரர்களைத் தயாரித்துக் கொடுக்கும் துணை அணியானது. இரண்டுக்கும் ஊர் ஒன்று, குளிர் ஒன்று. மூன்று தலைமுறை சொல்லிப் பழகிய பெயர் ஒன்றுதான் வேறு.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஆலை நொடித்தபின் டிராக்டர் அணியைத் தாங்கியது ஊர்மக்களின் சில்லறைக் காசு அல்ல, மாகாண அரசின் கருவூலம். 2009-இல் திறந்த புது அரங்கம் டிக்கெட் பணத்தில் எழும்பவில்லை. ஆக ஆலை என்ற எஜமானுக்குப் பதில் அரசு என்ற எஜமான், இதில் ஊர் எங்கே வந்தது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் அரசுப் பணம் எல்லா அணிக்கும் ஒரே மாதிரி போகவில்லை. எந்த அணியைக் கைவிட்டால் ஊர் பொறுக்காதோ அதற்குத்தான் போகிறது. ஓர் ஆளுநர் வேறு செலவுகளை ஒதுக்கிவிட்டு ஹாக்கிக்குக் கொடுக்கிறார் என்றால், அவரைக் கொடுக்கவைக்கும் கை மக்களுடையது. 2013 பிப்ரவரி 15 அன்று விண்கல் ஒன்று அந்த ஊரின் வானத்தில் வெடித்து, நகரமெங்கும் ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இரண்டு மாதத்தில் அதே ஊரின் அணி முதன்முறையாக, மேல்மட்ட லீக்கின் பட்டமான ககாரின் கோப்பைக்கான இறுதித் தொடரில் நின்றது. மாஸ்கோ டைனமோவிடம் தோற்றது. 2025-இல் மறுபடியும் இறுதித் தொடர், யரோஸ்லாவ்லின் லோகோமோடிவிடம் மறுபடியும் தோல்வி. வெற்றியை மட்டும் நம்பியிருந்தால் இந்த அணி என்றோ போயிருக்கும்.

இனி நம் பக்கம். தமிழ்நாட்டில் ஐஸ் இல்லை, ஆனால் ஹாக்கி உண்டு. தொழிலிடத்து அணிகளும் உண்டு. 1955-இல் தொடங்கிய பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, வருமானவரித்துறை என்று சென்னை லீக்கில் ஆடுவன பெரும்பாலும் அலுவலக அணிகளே. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கொடுத்து ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு வாழ்க்கை தந்த அணிகள் அவை. அந்த நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஐ.சி.எஃப். தோற்றால் வில்லிவாக்கத்தில் எந்த வீட்டிலும் வருத்தம் இல்லை. அணி துறையினுடையது, ஊரினுடையது அல்ல. ஆள் எடுப்பது நின்றால் அணியும் நின்றுவிடும்.

தோல் முதலாளிகள் விளையாட்டுக்கு அல்ல, படிப்புக்குக் கொடுத்தார்கள், அதுவே மேல் என்று சிலர் சொல்லக்கூடும். மேல்தான். அது என் வாதத்துக்கும் சாட்சி. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-இல் வந்தது, மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965-இல். இவற்றுக்கு ஆதரவாக நின்ற தோல் வியாபாரம் எத்தனையோ ஏற்ற இறக்கம் கண்டது. பாலாற்றில் கழிவு கலப்பதைப் பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின் எத்தனையோ டேனரிகள் கதவடைத்தன. கல்லூரிகள் நிற்கின்றன. ஒரு கம்பெனியின் சொத்தாக இல்லாமல் ஊரின் சொத்தாக அவை வளர்ந்ததே காரணம்.

ஆகவே மாதனூரிலோ ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ ஒரு ஷூ கம்பெனி நாளை தன் தொழிலாளர் பிள்ளைகளுக்காக ஹாக்கி அணியோ கால்பந்து அணியோ தொடங்க நினைத்தால், சட்டையில் கம்பெனிப் பெயரைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளட்டும். அணிக்கு மட்டும் ஊர்ப் பெயரை வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.