உதைபந்தும் கால்பந்தும்: ஏதிலி இளைஞரின் ஆட்டமும் அபிமானிகளின் பொறுப்பும்

திண்டுக்கல்லில் கால்பந்து என்று வழங்கும் ஆட்டத்திற்கு, யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் பிறந்து, போரின் காரணமாகக் கடல் கடந்து வந்து, இந்நகரின் புறத்தே தோட்டனூத்தில் மூப்பெய்திய ஈழத் தமிழர்களின் வாய்மொழியில் உதைபந்தாட்டம் என்று பெயர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள். வீட்டில் ஒரு பெயரையும் பள்ளி மைதானத்தில் மற்றொரு பெயரையும் கேட்டு வளர்பவர்கள். பந்து ஒன்று, பெயர் இரண்டு என்பது மொழிநூலாருக்குச் சுவையான விஷயமாக இருக்கலாம். அப்பிள்ளைகளுக்கு இதனினும் கடினமான பெயர்ப் பிரச்சினை ஒன்று உண்டு. ஆட்டக்காரர் பட்டியலில் தம் பெயர் ஏறுமா என்பதே அது.

ஏதிலி இளைஞருக்குக் கால்பந்து அபிமானிகள் உபகாரம் செய்வதென்றால், பந்தும் பூட்ஸும் ஜெர்சியும் வாங்கிக் கொடுத்து, வரிசையாக நிற்கவைத்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புவதே என்று பலர் கருதுகின்றனர். அக்கருத்து குறையுடையது என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். அபிமானியிடம் உள்ள பெருஞ்செல்வம், ஓர் அந்நியனை ‘நம்ம பையன்’ என்று ஊரறியச் சொல்லும் வல்லமை. அவ்வல்லமை பெயர்ப்பட்டியலில் ஓர் இடமாகவும், பஸ் கட்டணமாகவும், ஆண்டுக்கணக்கான பொறுமையாகவும் உருமாறும்போதுதான் உபகாரம் நிலைபெறுகிறது என்பது என் துணிபு.

1. தோட்டனூத்தின் நிலை

1983 முதல் பல அலைகளாகத் தமிழ்நாட்டுக்கு வந்த ஈழத் தமிழர் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் திரும்பிச் சென்றவர் போக எஞ்சியோரில் ஒரு பெரும்பகுதியினர் மாநிலமெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் தங்கினர். திண்டுக்கல்லைச் சூழ்ந்த சமவெளியில் தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி ஆகிய இடங்களில் அமைந்த முகாம்கள் அவற்றுள் அடங்குவன. 2021 ஆகஸ்டில் மாநில அரசு 317.40 கோடி ரூபாய்க்கான நலத்திட்டத்தைச் சட்டமன்றத்தில் அறிவித்தது; அவ்வாண்டு அக்டோபரில் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றப்பட்டது; 2022 செப்டம்பரில், மேற்சொன்ன மூன்று முகாம்களின் குடும்பங்களுக்காகத் தோட்டனூத்தில் எழுப்பிய 321 வீடுகள் திறக்கப்பட்டன. தகரக் கூரையிலிருந்து காங்கிரீட் கூரைக்கு வந்தது மெய்யான முன்னேற்றம். அதை மறுப்பது நன்றி கொன்ற செயலாகும்.

எனினும் கணக்கு எளிதில் கட்டுபடுவதன்று. 2021இல் உயர்த்தப்பட்ட மாத உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500. ஒரு ஜோடி சுமாரான பூட்ஸ் அந்தக் கடைசித் தொகையை விழுங்கிவிட்டு மேலும் கேட்கும். பூட்ஸையாவது ஒருமுறை வாங்கினால் போதும்; பயணச் செலவோ வாரந்தோறும் வருவது. மாலைப் பயிற்சிக்குத் திண்டுக்கல் வந்து, இருட்டியபின் பஸ் பிடித்துத் திரும்ப வேண்டிய ஒரு பையனுக்கு, பந்தை நிறுத்தும் நுட்பத்தைவிடப் பஸ்ஸைத் தவறவிடாமல் இருக்கும் நுட்பமே முதலில் கைவர வேண்டியிருக்கிறது. வெளியூர்ப் போட்டியென்றால் இரவுத் தங்கல், இரண்டு வேளைச் சாப்பாடு, முகாமைவிட்டுச் செல்வதற்கான அனுமதி, பதிவேட்டைச் சரிபார்க்கும் நாளில் ஆள் இருந்தாக வேண்டுமென்ற கவலை எனச் சிறு சிறு தடைகள் அடுத்தடுத்து வந்து, ஆட்டத் திறன் சோதிக்கப்படுவதற்கு முன்பே ஆட்டக்காரனை வடிகட்டிவிடுகின்றன.

பெற்றோரின் தயக்கத்தையும் இங்கே நியாயமாக எடைபோட வேண்டும். 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பின்னர், முகாம்வாசிகளின் நடமாட்டத்தின்மீதும் கல்விச் சேர்க்கையின்மீதும் விழுந்த கட்டுப்பாடுகளை நேரில் அனுபவித்த தலைமுறை அது. 1984இல் எஸ்.சி. சந்திரஹாசன் தோற்றுவித்த ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் கல்வியையே முதற்பணியாகக் கொண்டதும், குடும்பங்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்ததும் கல்வியின்மீது அவர்கள் வைத்த நம்பிக்கையைக் காட்டுகின்றன. ‘பந்து சோறு போடுமா?’ என்று அவர்கள் கேட்டால் அக்கேள்வியில் பேதைமை ஏதுமில்லை.

2. ‘நம்மவர்’ என்னும் சொல்லின் விரிவு

அபிமானம் பிறப்பினால் வருவதா, பழக்கத்தினால் வருவதா என்ற வினாவுக்குக் கல்கத்தா நகரம் தெளிவான விடை அளித்திருக்கிறது. 1920 ஆகஸ்ட் 1ஆம் நாள் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் கால்பந்துக் கிளப், தொடக்கத்தில் கிழக்கு வங்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்து குடியேறியவர்களின் மனக்குறையிலிருந்து பிறந்தது. 1947இல் தேசம் துண்டாடப்பட்டு, வீடும் நிலமும் இழந்த லட்சக்கணக்கானோர் கல்கத்தாவின் ஓரங்களில் காலனிகள் அமைத்துத் தங்கியபோது, இழந்த நாட்டின் பெயரைச் சுமந்துகொண்டு அந்நகரின் நட்டநடுவே வெற்றி பெறக்கூடிய ஸ்தாபனமாக அக்கிளப் அவர்களுக்கு வாய்த்தது. அது வென்ற நாளில் கிழக்கு வங்கத்தார் வீடுகளில் ஹில்சா மீன் சமைப்பதும், அதன் போட்டிக் கிளப்பான மோகன் பகான் வென்ற நாளில் எதிர்த்தரப்பார் இறால் சமைப்பதும் இன்றுவரை அந்நகரின் வழக்கம்.

நம்முடைய விவாதத்துக்கு இன்றியமையாத செய்தி இனித்தான் வருகிறது. 1949 முதல் 1951 வரை மூன்றாண்டு தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்ற அந்த அணியின் முன்வரிசையில், ‘பஞ்ச பாண்டவர்’ என்று அந்த ஏதிலி மக்கள் கொண்டாடிய அகமது கான், அப்பாராவ், வெங்கடேஷ், தன்ராஜ், சாலே ஆகிய ஐவரும் தென்னாட்டவர்; ஐவரில் ஒருவருக்கேனும் கிழக்கு வங்கத்துப் பத்மா நதிக்கரையில் சொந்த ஊர் இருந்ததில்லை. தம் ஊரையே இழந்து நின்ற கூட்டம், வேற்று மொழி பேசிய ஐந்து இளைஞரைத் தம் பிள்ளைகளாக எடுத்துக்கொண்டது. ஊரை இழந்தவர்களால் இயன்ற அந்தத் தத்தெடுப்பு, ஊரும் தெருவும் மைதானமும் உடையவர்களுக்கு, அதிலும் ஒரே மொழி பேசுகிறவர்களுக்கு, இயலாது என்று சொல்வதற்கு ஆதாரமில்லை.

3. பிற நாடுகளின் அனுபவம்

1937 மே மாதம், ஸ்பெயின் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பிய ஏறத்தாழ 4,000 பாஸ்க் சிறுவர் சிறுமியர் ‘ஹபானா’ என்ற கப்பலில் இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டன் துறைமுகத்தை அடைந்து, நகருக்கு அருகே நார்த் ஸ்டோனம் வயல்வெளியில் கூடாரங்களில் தங்கினர். அரசாங்கம் அவர்களுக்குப் பணம் தர மறுத்து, ஒரு குழந்தைக்கு வாரம் பத்து ஷில்லிங் வீதம் பொதுமக்கள் பொறுப்பேற்க வேண்டுமென்று நிபந்தனை விதித்தது. பொதுமக்கள் அப்பொறுப்பை ஏற்றனர். அந்தப் பிள்ளைகளில் சபினோ பரினாகாவும் ராய்முந்தோ லெசாமாவும் சௌத்தாம்ப்டன் கிளப்பிலேயே ஆட்டம் பயின்றனர். பின்னாளில் லெசாமா பில்பாவோ அணியின் புகழ்பெற்ற கோல் காவலரானார். 1947 டிசம்பரில் மாட்ரிட்டில் ரியல் மாட்ரிட்டின் புதிய அரங்கம் திறக்கப்பட்டபோது அதில் முதல் கோலை அடித்தவர் பரினாகா.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் செயின்ட் பாலி கிளப்பைச் சுற்றி வாழும் அபிமானிகளிடம், எதிரணியை ஏசுவதோடு கடமை முடிந்ததென்ற எண்ணம் இல்லை. இத்தாலியின் லாம்பெதுசா தீவின் வழியாக ஐரோப்பாவை அடைந்து அந்நகரில் திக்கற்று நின்ற ஆப்பிரிக்க இளைஞருக்காக அங்கே எஃப்.சி. லாம்பெதுசா என்ற அணி உருவாயிற்று. தங்கும் உரிமைக்கான காகிதம் இல்லாத காரணத்தால் எவரையும் அது விலக்கவில்லை. பின்னர் செயின்ட் பாலி என்ற பெயரும் அதன் பெயரோடு சேர்ந்தது.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்துக் கிளார்க்ஸ்டன் என்ற சிற்றூரில் 2004இல் லூமா முஃப்லே என்ற பெண்மணி ஏதிலிச் சிறுவர்களுக்கென்று அணி தொடங்கினார். பின்னர் நகரப் பூங்காவில் கால்பந்து ஆடக்கூடாது என்று அவ்வூர் மேயரே தடுத்தார். பந்து இருந்தது, பயிற்சியாளர் இருந்தார், இடந்தான் இல்லை. கனடாவின் எட்மண்டனில், கட்டணம் செலுத்த வழியற்ற பிள்ளைகளுக்காக ‘ஃப்ரீ ஃபுட்டி’ என்ற தொண்டு அமைப்பு பள்ளி நேரத்துக்குப் பின் ஆட்டங்களை நடத்தி, பூட்ஸையும் போக்குவரத்தையும் தானே ஏற்றது. கானாவின் புடுபுரம் ஏதிலி முகாமில் 2000இல் பிறந்த அல்ஃபோன்சோ டேவிஸ் எட்மண்டனில் அவ்வாட்டங்களில் ஆடிய பிள்ளைகளில் ஒருவர். அவர் 2017 ஜூனில் கனடியப் பிரஜையானார். அதே மாதத்திலேயே தேசிய அணிக்காகக் களமிறங்கினார். 2020இல் பேயர்ன் மியூனிக் அணியோடு ஐரோப்பியக் கோப்பையை வென்றார்.

இந்நான்கையும் ஒப்பிட்டால், நன்கொடையின் அளவைவிட மைதானம், வண்டி, பதிவு ஆகியவற்றுக்கு யார் பொறுப்பேற்றார் என்பதே விளைவைத் தீர்மானித்தது புலப்படும்.

4. சட்டம் எங்கே தடுக்கிறது, எங்கே தடுக்கவில்லை

டேவிஸின் கதையைத் தோட்டனூத்தில் அப்படியே எதிர்பார்ப்பது பேதைமை. 1987 ஜூலை 1க்குப் பிறகு இந்திய மண்ணில் பிறந்ததனால் மட்டுமே ஒருவருக்குக் குடியுரிமை கிட்டுவதில்லை. பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாக இருத்தல் வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் பிறந்தோர்க்கு நிபந்தனை மேலும் இறுகியது. அந்த 1987 தேதிக்கு முன்பு மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணொருவருக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் ஆணையிட்டது. ஆனால் இன்று பந்தாடும் வயதிலுள்ள பிள்ளைகள் அந்த எல்லைக்கு வெகு தொலைவில் இருக்கிறார்கள். இந்தியக் கடவுச்சீட்டு உடையவரே தேசிய அணியில் ஆடலாம் என்பது 2008 முதல் நிலவும் கொள்கை.

ஆயினும், உச்சியில் கதவு அடைபட்டிருப்பதைக் காட்டி வாசற்படியையும் அடைத்துவிடுவது நியாயமாகாது. பதினெட்டு வயது நிரம்பாத ஒருவர் தமக்குக் குடியுரிமை இல்லாத நாட்டில் முதன்முறையாகப் பதிவு செய்துகொள்வதற்கு, அந்நாட்டில் இடைவிடாது ஐந்தாண்டேனும் வாழ்ந்திருத்தல் போதிய தகுதி என்று உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் விதிகளே விலக்கு அளிக்கின்றன. முகாமிலேயே பிறந்த பிள்ளைக்கு இத்தகுதியை நிறுவப் பிறப்புச் சான்றும் பள்ளிப் பதிவேடும் முகாம் அட்டையும் இருக்கின்றன. அவற்றை ஒழுங்காக அடுக்கி, உரிய இடத்தில் உரிய காலத்தில் சேர்ப்பிக்க ஓர் ஆள் வேண்டும். விண்ணப்பம் எழுதுவதிலும் சங்க நிர்வாகிகளோடு வாதிடுவதிலும் பழகிய உள்ளூர் அபிமானியைவிட அதற்குப் பொருத்தமானவர் யார்?

5. இரண்டு ஆட்சேபங்கள்

நம் ஊர் ஏழைப் பையன்களுக்கே பூட்ஸ் இல்லாதபோது ஏதிலிகளுக்கு ஏன் என்பது முதல் ஆட்சேபம். எட்மண்டனில் நடந்தது போல், தேவையை அளவுகோலாகக் கொண்டு இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றுவதே இதற்கு விடை. முகாம் பிள்ளைகளுக்கென்று தனி அணியும் தனி விழாவும் நடத்தினால், கருணையின் பெயரால் மற்றொரு வேலியை எழுப்பியவர்கள் ஆவோம்.

குடியுரிமை என்னும் பெரிய நீதி கிடைக்காதபோது விளையாட்டு வெறும் ஒப்பனை என்பது இரண்டாவது. இதில் உண்மை உண்டு. ஆனால் ஒரு பையனின் ஆட்டத்தைப் பத்தாண்டு பார்த்து, அவன் பெயரைச் சொல்லிக் கூவிய ஊர், அவன் ஏன் மாநில எல்லையைத் தாண்ட முடியவில்லை என்று ஒருநாள் கேட்கத்தான் செய்யும். முகம் தெரியாதவருக்காக எழும் குரலைவிட, தெரிந்த பையனுக்காக எழும் குரலுக்கு அழுத்தம் அதிகம் என்பது பொதுவாழ்வில் பழகிய எவரும் அறிந்ததே.

6. முடிவுரை

திண்டுக்கல்லிலிருந்து கோபால்பட்டி வழியே நத்தத்துக்குச் செல்லும் சாலையில், தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் நடக்கும் பருவத்தில், என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தை நோக்கி வாகனங்கள் விரைகின்றன. விளையாட்டுக்காகப் பயணம் செய்யும் வழக்கமும் பணமும் ஆர்வமும் இம்மாவட்டத்தில் இல்லாமல் இல்லை என்பதற்கு அந்தச் சாலையே சாட்சி. அவ்வார்வத்தில் ஒரு சிறு பங்கைக் கால்பந்து அபிமானிகள் மூன்று காரியங்களுக்கு ஒதுக்கட்டும்: பயிற்சி நாட்களில் ஒரு வேன்; பதிவுக் காகிதங்களைக் கவனிக்க இருவர்; ஐந்தாண்டுக்குக் குறையாத உறுதி. பெற்றோர் ஐயம் தீர, பரீட்சை மாதங்களில் பயிற்சியைக் குறைப்பதாக வாக்கும் கொடுக்கட்டும்.

உள்ளூர்ப் போட்டிகளை நடத்தும் குழுவினருக்கும் ஒரு விண்ணப்பம். ஆட்டக்காரரின் பெயரை எழுதும் தாளில் ‘ஊர்’ என்றொரு கட்டம் வைத்தால், அங்கே ‘தோட்டனூத்து’ என்று ஒரு பையன் எழுதும்போது, மேற்கொண்டு ஒன்றும் கேளாமல் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். தோட்டனூத்து திண்டுக்கல் மாவட்டத்து ஊர்தான். அதை ஒப்புக்கொள்ள எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.