பூதத்துக்கு வாய் வந்த கதை

ஒரு படம் ஓடிப் பணம் வந்துவிட்டால் அதற்கு இரண்டாம் பாகம் எடுப்பார்கள். முதல் படத்தில் செத்தவனைப் பிழைக்க வைக்க ஒரு சாக்கு, பிறகு அதே பயம், அதே கூச்சல். இதற்குமேல் இதில் பேச ஒன்றுமில்லை என்பது நம்மில் பலருடைய எண்ணம். பெரும்பாலான படங்களுக்கு இது பொருந்தவும் பொருந்தும். ஆனால் ஹாலிவுட்டின் யூனிவர்சல் நிறுவனம் 1935-ல் வெளியிட்ட 'ப்ரைட் ஆஃப் பிராங்கன்ஸ்டைன்' விஷயத்தில் இது செல்லாது. தொல்படிவம் என்ற சொல்லை விமர்சனத்தில் தாராளமாகப் புழங்குகிறவர்கள் இந்தப் படத்தை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தச் சொல்லுக்கு எதிரான வாதம் ஒன்று இந்தப் படத்துக்குள்ளேயே இருக்கிறது.

தகவல்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மேரி ஷெல்லியின் நாவல் 1818-ல் ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்தது. அது நாடகமாகி, நாடகத்தின் வழியாக 1931-ல் 'பிராங்கன்ஸ்டைன்' படமாயிற்று. இயக்கியவர் ஜேம்ஸ் வேல். இங்கிலாந்துக்காரர், முதல் உலகப் போரில் ஜெர்மானியரிடம் கைதியாக இருந்தவர், மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்தவர். பிணங்களின் உறுப்புகளைத் தைத்துச் சேர்த்து ஹென்றி பிராங்கன்ஸ்டைன் உயிர் கொடுக்கும் பூதமாக நடித்தவர் போரிஸ் கார்லாஃப். படத்தின் ஆரம்ப எழுத்துகளில் அவர் பெயர் கிடையாது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி. படம் பெரிய வெற்றி. நான்கு ஆண்டுகள் கழித்து அதே இயக்குநர், அதே கார்லாஃப், ஹென்றியாக அதே காலின் கிளைவ் என்று இரண்டாவது படம் வந்தது.

நாவலில் பூதம் ஊமை அல்ல. ஒளிந்திருந்து ஒரு குடும்பத்தைக் கவனித்துப் பேசக் கற்கிறது, மில்டனைப் படிக்கிறது, புத்தகத்தின் நடுப்பகுதியில் தன் கதையைத் தானே நீளமாகச் சொல்லித் தன்னைச் சிருஷ்டித்தவனைக் குறுக்கு விசாரணை செய்கிறது. 1931 படம் இந்த வாயை அடைத்துவிட்டது. உறுமலும் கை நீட்டலும்தான் மிச்சம். உலகம் இன்றுவரை அடையாளம் கண்டுகொள்ளும் அந்தத் தட்டைத் தலையும் கழுத்தின் இரு பக்கத்து உலோக முனைகளும் இந்த ஊமைப் பூதத்துக்குச் சொந்தமானவை. பேச்சை எடுத்துவிட்டதால்தான் அது இவ்வளவு சுலபமாக ஒரு படிவம் ஆயிற்று என்பது என் அபிப்பிராயம். பேசுகிற ஒன்றை முகமூடியாக விற்பது கஷ்டம்.

இனி இரண்டாவது படத்தின் கதைக்கட்டு. முதல் படத்தின் நிகழ்ச்சிகளை இடங்களாக வரிசைப்படுத்தினால் இப்படி வரும்: கல்லறை, சோதனைச்சாலை, சங்கிலியும் தீப்பந்தமும், ஏரிக்கரைச் சிறுமி, ஊர்க்கூட்டம், எரியும் காற்றாலை. இரண்டாவது படம் எரியும் காற்றாலையில் தொடங்குகிறது. பூதம் ஆலைக்கடியில் தேங்கிய நீரில் விழுந்து பிழைத்திருக்கிறது. அடுத்து, நீரில் விழுந்த ஓர் இடைச்சிறுமி. பிறகு ஊர்க்கூட்டம். பிறகு சங்கிலி. பிறகு கல்லறை. கடைசியில் சோதனைச்சாலை. முன்னே போன பாதையில் பூதம் பின்னோக்கி நடந்து தான் பிறந்த இடத்துக்குத் திரும்புகிறது. இது தற்செயலாக நேர்ந்ததாகவும் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு நிலையத்திலும் நிகழ்ச்சி தலைகீழாகியிருப்பதைப் பார்க்கும்போது அப்படி நம்பத் தோன்றவில்லை. முதல் படத்தில் பூக்களைப் போல மிதப்பாள் என்று நினைத்துச் சிறுமியை ஏரியில் எறிகிறது. (அந்தத் துண்டு 1930களிலேயே வெட்டப்பட்டு 1980களில்தான் மீட்கப்பட்டது. வெட்டிய பிரதியில் நீட்டிய கையும், பிறகு தகப்பன் சுமந்து வரும் பிணமும் மட்டும். இடையில் நடந்ததைப் பார்வையாளன் இன்னும் கோரமாகக் கற்பித்துக்கொள்ள வேண்டியதுதான்.) இரண்டாவது படத்தில் அதே கை நீருக்குள்ளிருந்து ஒரு பெண்ணைத் தூக்கி எடுக்கிறது. அவள் கண் விழித்ததும் அலறுகிறாள். செய்தது நல்லதா கெட்டதா என்பது அந்த முகத்துக்கு ஒரு வித்தியாசத்தையும் ஏற்படுத்தவில்லை. 'நான் காப்பாற்றினேன்' என்று சொல்ல அதற்கு வாய் இல்லை.

சங்கிலிக்கும் கல்லறைக்கும் நடுவே முதல் படத்தில் இடமே இல்லாத ஓர் இடம் வருகிறது: காட்டுக்குள் ஒரு குருட்டுத் துறவியின் குடிசை. நாவலின் குருட்டுக் கிழவரிலிருந்து வந்தவர் இவர், ஓ. பி. ஹெகி நடித்தது. வயலின் சத்தம் கேட்டுப் பூதம் உள்ளே வருகிறது. அவர் பார்க்க முடியாதவர், ஆகவே பயப்படவில்லை. சூப் தருகிறார், படுக்கை தருகிறார், தனக்கு ஒரு துணையை அனுப்பியதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லி அழுகிறார். பிறகு சொற்களைக் கற்றுத் தருகிறார். ரொட்டி, பானம், நெருப்பு, நல்லது, கெட்டது, நண்பன். இந்தக் காட்சியைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. 1974-ல் 'யங் பிராங்கன்ஸ்டைன்' படத்தில் மெல் ப்ரூக்ஸ் இதையே கேலியாக எடுத்தார். சூப் மடியில் கொட்டுகிறது. கேலி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் குடிசையை எடுத்துவிட்டால் படத்தில் மிஞ்சுவது முன்பே பார்த்த இடங்கள்தான். பின்னோக்கிய நடையின் நடுவே ஏற்பட்ட ஒரே புதிய சம்பவம் பேச்சு.

இதுவரை 'அது' என்று எழுதி வந்தேன். இங்கிருந்து 'அவன்' என்று எழுத வேண்டியிருக்கிறது. நம் இலக்கணத்தில் திணை என்று ஒன்று இருப்பதால் இந்த மாற்றத்தை மறைக்க நமக்கு வழியில்லை.

கார்லாஃபுக்கே பூதம் பேசுவதில் சம்மதமில்லை. அது தவறு என்று பிற்காலத்திலும் சொல்லிவந்தார். ஒரு நடிகனின் கோணத்திலிருந்து அவர் கட்சியில் நியாயம் இருக்கிறது. ஊமையாக அவர் காட்டிய நுட்பம் சொற்களால் கூடிவிடவில்லை. ஆனால் பேச்சு வந்ததால் அவனுக்கு என்ன நேர்கிறது என்று பார்க்க வேண்டும். வேட்டைக்காரர்கள் வந்து கைகலப்பாகிக் குடிசை எரிந்துவிடுகிறது. அவன் கல்லறைக்குள் இறங்குகிறான். அங்கே சவப்பெட்டியை மேஜையாக்கி விருந்து உண்டுகொண்டிருக்கிறார் டாக்டர் ப்ரிடோரியஸ். குடிசையில் கற்ற 'நண்பன்' என்ற சொல் அவருக்கு ஒரு கைப்பிடியாகிறது. உனக்கு ஒரு பெண்ணைச் செய்து தருகிறேன் என்கிறார். சொல் தெரியாதவரை பூதத்தை அடிக்க முடிந்தது, கட்ட முடிந்தது, ஏமாற்ற முடியவில்லை. ஏமாற்றப்படுவதற்கும் சொல் வேண்டும்.

ப்ரிடோரியஸிடம் இன்னொரு விஷயம் இருக்கிறது. முன்பே ஒரு காட்சியில் தான் வளர்த்த குட்டி மனிதர்களைக் கண்ணாடிப் புட்டிகளில் கொண்டுவந்து ஹென்றிக்குக் காட்டுகிறார். ஒரு புட்டியில் அரசன், ஒன்றில் அரசி, ஒன்றில் பிஷப், ஒன்றில் சாத்தான். ஒரு நாட்டியக்காரியும் ஒரு கடற்கன்னியும் கூட உண்டு. அரசன் புட்டியிலிருந்து ஏறி வெளியே குதித்து அரசியைத் தேடி ஓடுகிறான். இடுக்கியால் கவ்வி எடுத்துத் திரும்பப் போடுகிறார். எல்லாரும் கீச்சுக் குரலில் ஏதோ கத்துகிறார்கள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. தொல்படிவ விமர்சனத்தைப் பற்றி இதைவிடக் கறாரான சித்திரத்தை நான் பார்த்ததில்லை. இந்தப் படத்தை அந்த முறையில் படிப்பது மிகச் சுலபம்: ஹென்றி சிருஷ்டிகர்த்தா, ப்ரிடோரியஸ் மருட்டிக் கெடுப்பவர், துறவி ஞானகுரு, எலிசபெத் காக்கப்பட வேண்டிய கன்னி, கார்ல் கெட்ட வேலைக்காரன். கார்லாக நடித்த டுவைட் ஃப்ரைதான் முதல் படத்தின் வேலைக்காரன் ஃப்ரிட்ஸ். ஃப்ரிட்ஸ் செத்துவிட்டான், படிவத்துக்குச் சாவில்லை, ஆகவே அதே நடிகர் வேறு பெயரில் அதே வேலைக்கு வந்துவிட்டார். எலிசபெத்தாக மே கிளார்க் போய் வாலரி ஹாப்ஸன் வந்தார், ஒன்றும் குறையவில்லை. லேபிள் ஒட்டிய புட்டிகள் வரிசையாக நிற்கின்றன. நார்த்ராப் ஃப்ரையின் 1957 நூலைப் படித்தவர் எவரும் ஒரு மாலைப்பொழுதில் இதைச் செய்துவிடலாம். செய்து முடித்தபின் எந்தப் புட்டியில் பேச்சு இருக்கிறது என்ற கேள்வி அப்படியே மிஞ்சும்.

இந்தக் கேள்வியைப் படம் தன் முதல் காட்சியிலேயே கிளப்புகிறது. இடிமழை இரவு, பைரன், ஷெல்லி, மேரி. முன்கதையைப் பைரன் சொல்ல, கதை அங்கே முடியவில்லை என்று மேரி தொடர்கிறாள். மேரியாக நடித்தவர் எல்ஸா லான்செஸ்டர். கடைசிக் காட்சியில் கட்டு அவிழ்த்து நிற்கும் மணப்பெண்ணும் அவரேதான். ஆனால் படத்தின் எழுத்துகளில் மேரிக்கு நேரே அவர் பெயர் இருக்கிறது. மணப்பெண்ணுக்கு நேரே கேள்விக்குறி. 1931-ல் கார்லாஃபுக்குப் போட்ட அதே கேள்விக்குறி இடம் மாறியிருக்கிறது. கதை முழுவதையும் சொல்லுகிற முகம் முதலில். ஒரு சொல்லும் இல்லாத அதே முகம் இறுதியில். படத்தின் தலைப்பே இவள் பெயரில்தான். அவள் திரையில் இருப்பதோ சில நிமிடங்கள்.

அந்த நிமிடங்களில் அவள் செய்வது என்ன? பார்க்கிறாள், அவன் நெருங்கியதும் அலறுகிறாள், கையைப் பிடித்துத் தடவியதும் மறுபடி அலறுகிறாள். நாவலில் விக்டர் பெண்ணைச் செய்து முடிக்காமலே கிழித்துப் போடுகிறான். அதற்கு அவன் சொல்லும் காரணங்களில் ஒன்று அபூர்வமானது: தான் உண்டாவதற்கு முன்பே மற்றவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு அவள் கட்டுப்பட மறுக்கலாமே என்பது. 1818-ல் மேரி எழுதிவைத்த இந்தச் சந்தேகத்தை 1935-ல் அவர் முகத்தைப் போட்டுக்கொண்ட ஒருத்தி அலறலால் மெய்ப்பிக்கிறாள். அலறல் அவளுடைய மறுப்பு. அதை மறுப்பு என்று கேட்க அந்த அறையில் ஆளில்லை.

அவனுக்கு அது வெறுப்பாக மட்டும் கேட்கிறது. மற்றவர்களைப் போல இவளும், என்று. ஹென்றியையும் எலிசபெத்தையும் வெளியே போகச் சொல்கிறான். ப்ரிடோரியஸை நிற்கச் சொல்கிறான். செத்தவர்களோடு சேர்ந்தவர்கள் என்று ஒரு வாக்கியம் சொல்லி, கண்ணில் நீரோடு நெம்பியை இழுக்கிறான். கோபுரம் சரிகிறது. (முதலில் எடுத்தபடி ஹென்றியும் அதில் சாக வேண்டும். பிறகு முடிவை மாற்றினார்கள். ஆனாலும் இடிகிற காட்சியில் ஹென்றி உள்ளே நிற்பது இன்றும் தெரிகிறது.) அந்த வாக்கியத்தின் எழுவாய் இங்கிலீஷில் ஒரே சொல். தமிழில் கொண்டுவரும்போது 'நாங்களா', 'நாமா' என்று நின்று யோசிக்க வேண்டும். ப்ரிடோரியஸைப் பார்த்துச் சொல்வதால் 'நாம்' என்றுதான் வரும். அந்த 'நாமுக்குள்' அவளையும் சேர்த்துவிடுகிறான். அவள் சம்மதிக்கவில்லை, பிறந்து சில நிமிடம் ஆகிறது, செய்த குற்றம் ஒன்றுமில்லை. பேச்சு கிடைத்தவன் தனக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டது மனித காரியம். அதே மூச்சில், பேச்சு கிடைக்காதவளுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டான். உயர்திணைக்கு ஏறியவன் முதலில் செய்த காரியம் இதுவாக இருப்பதை நான் படத்தின் குறையாகப் பார்க்கவில்லை. அது பேச்சின் சரித்திரத்தில் அடிக்கடி நடந்த ஒன்று; படம் அதைப் பூசி மெழுகவில்லை, அவ்வளவுதான்.

பின்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1936-ல் யூனிவர்சல் லாம்லி குடும்பத்தின் கையை விட்டுப் போயிற்று. 1939-ல் வேறு இயக்குநரின் 'சன் ஆஃப் பிராங்கன்ஸ்டைன்' வந்தபோது பூதம் மறுபடி ஊமை. கற்ற சொற்கள் எங்கே போயின என்று அந்தப் படம் கவலைப்படவில்லை. 1942 படத்தின் முடிவில் பூதம் பேசுகிறது. ஆனால் அது அதற்குள் மாற்றி வைக்கப்பட்ட இகோர் என்ற இன்னொருவன் மூளையின் பேச்சு, பெலா லுகோசியின் குரல். 1943-ல் லுகோசியே பூதமாக நடித்தார். பேசிய வசனங்களைப் படம் வெளிவருமுன் வெட்டிவிட்டார்கள். 1948-ல் அபட், காஸ்டெல்லோ என்ற ஹாஸ்ய ஜோடியைத் துரத்தும் வேலைக்கு அது வந்து சேர்ந்தது. இடுக்கியால் கவ்விப் புட்டிக்குள் போட்டாயிற்று.

ஆகவே தொடர்ச்சிப் படங்கள் படிவங்களைத் திரும்பத் திரும்ப உபயோகிப்பவை என்ற பொது அபிப்பிராயம் 1939-க்குப் பிந்தியவற்றுக்கு முழுக்கவும் பொருந்துகிறது. 1935-ல் மட்டும் ஒரு படிவம் சுமார் அரைமணி நேரம் ஒரு பாத்திரமாக இருந்தது. அதைச் செய்தது பண்டைய நினைவோ கூட்டு நனவிலியோ அல்ல. ஒரு குருடன் கற்றுத் தந்த சில சொற்கள். ஒரு கதையில் படிவங்கள் எவை என்று பட்டியல் போடுகிறவர்களிடம் நான் கேட்பது இன்னும் ஒரு பத்தி: யாருக்கு எப்போது சொல் கிடைத்தது, யார் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், கேள்விக்குறி யார் பெயருக்கு நேரே நின்றது.