சின்னதொரை படிச்ச தமிழ்

பிரெஞ்சு படிக்கப் போனவங்க யாரைக் கேட்டாலும், முதல் வாரத்திலேயே "த்யூ", "வூ" தகராறு வந்துடும் என்பாங்க. கூட்டாளிக்கு ஒன்று, பெரியவருக்கும் தெரியாதவருக்கும் இன்னொன்று. நமக்கு இதில் என்ன கஷ்டம்? நீ, நீங்க. அவ்வளவுதான். ஆனால் டிக்கோயா மலைகளில் தமிழ் படித்த ஒரு கூட்டத்துக்கு அந்த "நீங்க" தேவைப்படவே இல்லை.

வெள்ளைக்காரச் சின்னதொரைமாரைச் சொல்கிறேன். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்து, மலையெல்லாம் தேயிலை ஆனபோதும் வேலைக்காரர் மாறவில்லை. திருச்சி, சேலம், மதுரைப் பக்கமிருந்து வந்த அதே சனம். கப்பலில் வந்திறங்கிய இளம் தொரைக்கு விடியற்காலைப் பெரட்டில் பேசத் தமிழ் வேண்டும். இலக்கணப் புத்தகத்துத் தமிழ் அங்கே செல்லாது, பேச்சுத்தமிழ்தான் வேணும். அதற்கென்றே கொழும்பில் கையேடுகள் அச்சாயின.

19ஆம் நூற்றாண்டில் வந்த ஒன்றின் பெயரே "இங்கே வா". சின்னதொரையின் சட்டைப்பைக்கு ஏற்ற தமிழ் வழிகாட்டியாம்! வணக்கம் இல்லை, சௌக்கியமா இல்லை, எடுத்த எடுப்பிலேயே "இங்கே வா". பிறகு வெல்ஸ் என்பவர் எழுதியதற்குப் பெயர் "கூலித்தமிழ்". தோட்டத் தொழிலாளர் "பேசும்" தமிழ் என்றுகூட அட்டையில் இல்லை, அவர்களுக்கு "விளங்கும்" தமிழ் என்றுதான் இருக்கிறது. அந்த ஒரு சொல்லில் எல்லாமே இருக்கு. தொரை பேசுவார், நாம விளங்கிக்கிடணும். பதில் பேசுற பாடம் எதுக்கு? மு. நித்தியானந்தன் 2014இல் எழுதிய நூலுக்கு இதே "கூலித்தமிழ்" என்ற பெயரை வைத்தார். இந்த வரலாறு பிடித்தவங்க அதைத் தேடி வாசிங்க.

தலைமுறை தலைமுறையாக வயசான அம்மாக்களையும் "வா, போ" என்றே மேட்டில் நின்று கூப்பிட்ட பழக்கத்துக்குப் பாடப்புத்தகமே இருந்தது என்பதுதான் எனக்கு உறைக்குது.

நம்ம ஆட்களோ புத்தகம் இல்லாமலே இங்கிலீஷை வாங்கி, தங்கள் வாய்க்குத் தக்கபடி திருத்திக்கொண்டார்கள். "பரேட்" பெரட்டாச்சு. "லைன்" லயமாச்சு. தொரைமாருக்கும் இது ஒட்டிக்கொண்டது. கங்காணி, கணக்கப்பிள்ளை, கொழுந்து எல்லாம் அவர்கள் இங்கிலீஷுக்குள் புகுந்தன. இன்றைக்கும் தோட்ட நிர்வாகத்தில் இங்கிலீஷ் பேசுறவங்க மேலாளரை "பீ.டி", உதவி மேலாளரை "எஸ்.டி" என்கிறார்கள். ஏதோ கம்பெனிப் பதவிப் பெயர் மாதிரி இருக்கா? பெரியதொரை, சின்னதொரைதான் அது.